படையும் குடியும்: ஜொகூர் மண்ணில் ஒரு நூற்றாண்டு வரலாறு

தோட்டப்புறத் தமிழில் வழங்கி வந்த சொற்களுள் இரண்டு ஆராயத்தக்கவை. விடியுமுன் தொழிலாளர் ஒன்றுகூடிப் பெயர் கொடுத்து அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் ஆளெடுப்புக்குப் 'பெரட்டு' என்று பெயர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு 'லயம்' அல்லது 'லயன்' என்று பெயர். முன்னது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பின்னது 'லைன்' என்பதன் திரிபு. இரண்டுமே படைவீட்டில் பிறந்த சொற்கள். சிப்பாய்கள் அணிவகுத்து நின்றது பரேடு. இந்தியக் கண்டோன்மெண்டுகளில் அவர்கள் தங்கியிருந்த வரிசைக் கொட்டகைகள் லைன்கள். துப்பாக்கியைத் தொட்டறியாத பால்வெட்டுத் தொழிலாளி ஒரு சிப்பாயின் சொற்களைக் கொண்டே எழுந்தான். சிப்பாயின் சொற்களுக்குள்ளேயே உறங்கினான்.

படைக்கும் குடிமக்களுக்கும் உள்ள தொடர்பு போர்க்களத்தோடு முடிவதன்று என்பதற்கு இச்சொற்களே சான்று. பள்ளிப் பாடநூல்களில் படை வருவது போர் நடந்த ஆண்டில் மட்டுமே. ஆனால் போர் இல்லாத ஆண்டுகளிலும் படை இருக்கிறது. அதன் அருகிலேயே குடியும் இருக்கிறது. படையை ஏவுவோர் யார், படையில் சேர்வோர் யார் பிள்ளைகள், படை செய்த பிழைக்கு யார் பதில் சொல்வது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்துள்ளது. இந்த விடைகள் மாறிவந்த வகையைக் காண ஜொகூரைப் போல் ஏற்ற நிலம் மலேசியாவில் வேறில்லை. தனக்கென ஒரு படையை இன்றும் வைத்துள்ள ஒரே மாநிலம் அது. ஜப்பானியரின் பெருந்தாக்குதலும், அவசரகாலத்தின் கம்பி வேலிகளும், இந்தோனேசியப் படையினரின் ஊடுருவலும் அதன் மண்ணிலேயே நிகழ்ந்தன.

தமிழ் மரபில் படையும் குடியும்

தமிழருக்கு இவ்வினா புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. படையை அரசின் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தாரேயன்றி அரசுக்கு மேற்பட்டதாக வள்ளுவர் வைக்கவில்லை. சோழர் காலத்தில் படைக்கும் ஊருக்கும் இடையே மதில் எழுப்பப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் படைப்பிரிவுகள் பல பெயர் குறித்துக் கூறப்படுகின்றன. கோயில் பொறுப்புகள் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. கைக்கோளர் தறியில் நெய்தனர்; அவருட் பலர் படையிலும் நின்றனர். ஈழத்துப் பொலன்னறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேளைக்காரப் படையினர் புத்தர் பல்லைப் பேணும் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டே உரைக்கிறது.

இதனால் அக்காலப் படைகள் குடிகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று கொள்ளுதல் ஆகாது. பகைவர் நாட்டை எரித்ததையும் கொள்ளையிட்டதையும் மெய்க்கீர்த்திகளே பெருமையாகப் பாடுகின்றன. ஊரோடு ஒட்டி வாழ்ந்த வீரன் ஊருக்குக் கட்டுப்பட்டான். ஊரறியாத நிலத்திற்குப் போனபோது அக்கட்டு அவிழ்ந்தது. இந்த வேறுபாடு ஜொகூரின் வரலாற்றிலும் தொடர்ந்து தோன்றுவதைக் காணலாம்.

சுல்தானின் படை

ஜொகூரின் நவீன ஆட்சியை அமைத்தவர் அபு பக்கார். 1862இல் பொறுப்பேற்ற அவர், 1885 டிசம்பரில் பிரிட்டிஷாரோடு இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி அவர் ஜொகூர் நாட்டின் சுல்தானாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அயல்நாட்டு உறவு பிரிட்டிஷார் கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டே, 1886இல், ஜொகூர்ப் படை அமைக்கப்பட்டது. 'அஸ்கார் திம்பாலான் செத்தியா' என்பது அதன் மலாய்ப் பெயர்.

வெளிப்பகையைத் தடுக்கப் பிரிட்டிஷார் இருக்கையில் தனிப்படை எதற்கு? இதற்கு விடை காண அண்டை மாநிலங்களைப் பார்க்கவேண்டும். பேராக்கில் 1875இல் ரெசிடென்டு பர்ச்சு கொல்லப்பட்டதும் அயற்படை உள்ளே புகுந்தது. பின்னர் 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கென அமைந்த 'மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்' படையில் நின்றோர் பெரும்பாலும் சீக்கியரும் பட்டாணியருமே. உள்ளூர் மக்களின் மொழியறியாத வீரனே காவலன் ஆனான். ஜொகூரில் அவ்வாறின்றி, கம்பத்து மலாய் இளைஞர்களே படையில் சேர்ந்தனர். ஆகவே அப்படை போருக்கான கருவியாக மட்டும் அமையவில்லை. 'இந்நாடு இன்னும் எம்முடையது' என்று அறிவிக்கும் அடையாளமாகவும் விளங்கியது.

அபு பக்கார் படையோடு நிற்கவில்லை. 1895 ஏப்ரலில் எழுத்து வடிவில் ஓர் அரசமைப்புச் சட்டத்தையும் நாட்டிற்கு அளித்தார். மலாய் மாநிலங்களுள் அதுவே முதலாவது. நாட்டின் எப்பகுதியையும் அயல் அரசுக்கு ஒப்படைத்தல் கூடாது என்று அது விதித்தது. படை தோன்றிய ஒன்பதாம் ஆண்டில் சட்டம் தோன்றியது. அவ்வாண்டு ஜூனிலேயே சுல்தான் இலண்டனில் காலமானார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்கவேண்டி வந்தது. ஆட்சியதிகாரத்தின் பெரும்பகுதி கைமாறியபோதும் படை கைமாறவில்லை.

இக்காலத்தேதான் ஜொகூருக்குத் தமிழர் பெருந்தொகையாக வரலாயினர். 1909இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றது. காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1924இல் சிங்கப்பூர்ப் பாலம் திறக்கப்பட்டது. சிகாமட், குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன. அங்குள்ள தமிழனுக்குச் சுல்தானின் படை திருவிழா நாளில் காணும் அணிவகுப்பாகவே இருந்தது. அவனை ஆண்டது படையன்று. துரையும் கிராணியும் கங்காணியுமே.

1915: ஐயத்தின் நிழல்

அந்த அமைதியை ஒரு நிகழ்ச்சி கலைத்தது. 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள். துருக்கியோடு பிரிட்டன் போரில் இறங்கியிருந்ததும், தாங்கள் எங்கு அனுப்பப்படப் போகிறோம் என்ற அச்சமும், அதிகாரிகளிடையே நிலவிய பூசலும் காரணங்களாயின. சுல்தான் இப்ராகிம் தம் படையோடு சிங்கப்பூருக்குத் துணைபுரிந்தார். நீரிணையைக் கடந்து ஜொகூருக்குள் புகுந்த கிளர்ச்சிக்காரர் பலர் அங்கே பிடிபட்டனர். பின்னர் 47 பேர் சிங்கப்பூரில் மக்கள் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இதன் விளைவு படைவீட்டுக்குள் அடங்கவில்லை. சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்தது. கடைக்காரரும், துறைமுகத் தொழிலாளரும், கிளர்ச்சியோடு யாதொரு தொடர்பும் இல்லாதவரும் ஐயத்திற்குரியவர் ஆயினர். படைவீரன் செய்த செயலுக்குக் குடிமகன் விலை கொடுக்கும் வழக்கத்தை இந்நாட்டு இந்தியர் முதன்முதலாக அப்போது கண்டனர்.

படையே அரசான காலம்

1942 சனவரியில் ஜப்பானியர் ஜொகூரை அடைந்தனர். சனவரி 14ஆம் நாள் கெமாஸ் அருகே கெமஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கித் தாக்கி அவர்களைத் தடுக்க முயன்றனர். மூவார் ஆற்றங்கரையைக் காக்க நிறுத்தப்பட்டதோ 45ஆம் இந்தியப் படைப்பிரிவு. பயிற்சி முற்றாத இளைஞர் பலரைக் கொண்டது. சில நாட்களில் அது சிதறியது. பாரிட் சூலோங்கில், விட்டுச் செல்லப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயக்காரர்கள் ஏறத்தாழ 150 பேரை ஜப்பானியப் படையினர் கொன்றனர். சனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூர்ப் பாலத்தை உடைத்துவிட்டுச் சென்றது. ஜொகூர் பாருவின் புக்கிட் செரினே அரண்மனைக் கோபுரத்திலிருந்து ஜெனரல் யமாஷிதா சிங்கப்பூரை நோக்கினார்.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் படையே அரசாயிற்று. ஆணையிடுபவனும் படைவீரன், வழக்கை விசாரிப்பவனும் படைவீரன், அரிசியை அளப்பவனும் அவனே. முறையிட வேறு வாயில் இல்லை. ரப்பர் விற்பனை நின்றதால் தோட்டங்களில் கூலி நின்றது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டு மதிப்பிழந்து காகிதமாயிற்று.

இவற்றினும் கொடியது சயாம் மரண இரயில் பாதை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. கொண்டுபோகப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பான்மையோர் தமிழர். கூலியும் உணவும் தருவதாக முதலில் ஆசை காட்டினர். பின்னர்ப் பெரட்டுக் களத்திலிருந்தே ஏற்றிச் சென்றனர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையானவர் பல்லாயிரவர். போர்க்கைதிகளாக அங்கு மாண்ட பிரிட்டிஷாருக்கும் ஆஸ்திரேலியருக்கும் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. படையில் இடம்பெறாத தமிழ்த் தொழிலாளிக்கு எந்தப் படைப்பிரிவின் ஏட்டிலும் பெயரில்லை. ஆதலால் பெயர் பொறித்த கல்லும் இல்லை. குடிமகனாக இருந்த குற்றத்திற்காக அவன் சாவுக்குப் பின்னும் கணக்கில் வராமற் போனான்.

ஆயுதம் ஏந்திய குடிகள்

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நிகழ்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக அரசை அறிவித்தார். கைதிகளான சிப்பாய்களைக் கொண்டு தொடங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் அதன்பின் தோட்டத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், கிராணிகளும் சேர்ந்தனர். காப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். துரையின் முன்னே குனிந்து நின்று பழகிய ஒரு சமூகம் முதன்முறையாகத் தன் விருப்பத்தால் அணிவகுத்து நின்றது. பெரட்டு என்ற சொல் அன்று தன் பழைய பொருளை மீட்டுக்கொண்டது. போர் முடிவில் அப்படை தோற்றது. ஆயினும் அது தந்த தன்மதிப்பு தோற்கவில்லை. போருக்குப்பின் தோட்டங்களில் எழுந்த தொழிற்சங்கங்களில் அப்படையிலிருந்து வந்தோர் பலர் முன்னின்றனர்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷார் திரும்பி நிலைகொள்ளுமுன் இடைவெளி ஒன்று நேர்ந்தது. ஆயுதம் இருந்தது, அரசு இல்லை. காட்டிலிருந்து வெளிவந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பழிதீர்க்கத் தொடங்கினர். அவருள் பெரும்பாலோர் சீனர். பத்து பகாட், மூவார் வட்டாரங்களில் மலாய்க்காரர் பாராங்கு ஏந்தித் தற்காப்பு அணிகளாகத் திரண்டனர். பல உயிர்கள் மாண்டன. பத்து பகாட்டின் மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன் ஜாபார் இரு தரப்பாரிடமும் பேசிக் கலவரம் பரவாமல் தடுக்கப் பாடுபட்டார். அவர் இளமையில் ஜொகூர்ப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர் என்பது நினைவுகூரத்தக்கது. வாளேந்தப் பயின்றவரே வாளை உறையிலிடச் சொன்னார். மறு ஆண்டு மே மாதத்தில் ஜொகூர் பாருவில் அம்னோ கட்சியை நிறுவியவரும் அவரே.

கம்பி வேலிக்குள்

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுகள் ஆயுதப் போராட்டத்தில் இறங்கினர். அரசு அவசரகாலச் சட்டங்களைப் பிறப்பித்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் அடையாளக் கார்டு வழங்கப்பட்டது. பெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கலைந்தது. அதன் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி, இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. இவ்வாறு கூலி உயர்வு கேட்பதற்கும் கிளர்ச்சிக்கும் இடையே இருந்த கோடு மங்கிப்போனது. தோட்டத் தமிழர் பேச அஞ்சிய ஆண்டுகள் அவை.

ஜொகூர்க் காடுகள் கிளர்ச்சியின் முக்கிய அரண்களுள் ஒன்றாயின. 1950 ஜூனில் ஜெனரல் பிரிக்ஸின் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது தென் ஜொகூரில்தான். காட்டோரத்தில் சிதறிக் குடியிருந்த சீனக் குடியானவர் கம்பி வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். நாடு முழுவதும் இவ்வாறு குடியேற்றப்பட்டோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம். தோட்டங்களிலோ பழைய லயங்கள் கைவிடப்பட்டு, தொழிலாளர் தொழிற்சாலைக்கு அருகே ஓரிடத்தில் சேர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். சுற்றிலும் முள்வேலி, வாயிலில் காவல், அந்தி முதல் விடியல் வரை ஊரடங்கு என்பதே வாழ்க்கை முறையாயிற்று.

உணவே ஆயுதமாயிற்று. காட்டிலுள்ளோருக்கு அரிசி போகாமல் தடுப்பதே நோக்கம். ஆகவே பால்வெட்டப் போகும் பெண்ணின் கூடையும் வாளியும் வாயிலில் சோதிக்கப்பட்டன. மதியச் சோறு கட்டிக்கொண்டு போதல் குற்றம். கடைகளில் டின் உணவு விற்கும்போதே துளையிட்டுத் தரப்பட்டது. பதுக்கிவைத்தால் கெட்டுப்போகும் என்பதற்காக. பின்னாளில் சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோறே விலைக்கு அளந்து கொடுக்கப்பட்டது. படை குடிமகனின் அடுப்பங்கரை வரை வந்துவிட்டது என்றால் அது மிகையன்று.

மறுபுறம் காட்டிலிருந்து வந்தவனும் துப்பாக்கியோடுதான் வந்தான். அரிசி கேட்டான், மறுத்தவன் துரோகி எனப்பட்டான். ரப்பர் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கங்காணிகளும் தொழிலாளரும் கொல்லப்பட்டதுண்டு. உணவு கொடுத்தால் அரசின் தண்டனை, கொடுக்காவிட்டால் காட்டின் தண்டனை என்னும் இரு நெருப்புக்கிடையே தொழிலாளி நின்றான். வீரத்தைப் பாடும் கதைகளில் இந்நிலை இடம்பெறுவதில்லை. ஆனால் அக்கால மக்களுள் மிகப் பலர் வாழ்ந்த நிலை இதுவே.

அவசரகாலம் குடிமக்களையே காவலராகவும் ஆக்கியது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் மலாய் இளைஞர். ஊர்க்காவல் அணிகளில் நாடெங்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். பகலில் பால்வெட்டியவன் இரவில் முறைக்காவல் நின்றான். நேற்றுவரை அவனை ஐயுற்ற அரசு இன்று அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. நம்பிக்கை சிறிது சிறிதாகத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே மேசையில் மூவர்

இக்காலத்தின் மிக முக்கியமான விளைவு காட்டில் தோன்றவில்லை, அலுவலகங்களில் தோன்றியது. பிரிக்ஸ் திட்டத்தின்படி மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் போர்ச் செயற்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆட்சி அதிகாரி, போலீஸ் அதிகாரி, படை அதிகாரி ஆகிய மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்தனர். மாவட்டக் குழுவின் தலைவர் மாவட்ட அதிகாரியே. படைத் தலைவர் அல்லர். எத்தனை துருப்புகள் இருப்பினும் அவை ஆட்சிக்குத் துணையாக வந்தவை என்னும் கொள்கை அம்மேசையில் நிலைநாட்டப்பட்டது.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளர் ஹைகமிஷனர் பதவியையும் படை நடத்தும் பொறுப்பையும் ஒருங்கே வகித்தார். ஊர் முழுவதற்கும் தண்டனை விதித்து, ஊரடங்கை நீட்டி, அரிசியைக் குறைத்தார். ஆயினும் அவர் காலத்திலேயே கிராம ஊராட்சித் தேர்தல்களும் குடியுரிமைச் சீர்திருத்தங்களும் நடந்தன. 1955 ஜூலையில் முதற் பொதுத்தேர்தல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாலிங்கில் சின் பெங்கோடு பேசச் சென்றவர் படைத்தலைவர் எவருமல்லர். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமானே சென்றார். 1958இல் ஜொகூரில் தென்பகுதிக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் சரணடைந்து, தம் ஆட்களுள் ஏறத்தாழ 160 பேரையும் வெளிவரச் செய்தார். பல ஆண்டு வேட்டையால் முடியாதது பேச்சால் முடிந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் நீங்கியது.

ஆனால் கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமற்ற சீனக் கிராமத்தார் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவர்களும் ரப்பர்த் தோட்டத்தை நம்பி வாழ்ந்தவரே. அவர்தம் குடும்பத்தார் விசாரணை வேண்டிப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 2015இல் அவர்கள் கோரிக்கை தள்ளுபடியாயிற்று. அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே, விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2012இல்தான் அது நீக்கப்பட்டது. கம்பி வேலியை அகற்றுவது எளிது. வேலி போட்ட காலத்துச் சட்டத்தை அகற்ற அரை நூற்றாண்டு ஆயிற்று.

கடல் வழியும் வான் வழியும்

மலேசியா உருவானதை எதிர்த்த இந்தோனேசியா 1964 ஆகஸ்டு 17ஆம் நாள் ஏறத்தாழ நூறு பேரைக் கடல் வழியே பொந்தியான் கரையில் இறக்கியது. செப்டம்பர் 2ஆம் நாள் விமானங்களிலிருந்து லாபிஸ் வட்டாரத்தில் பாராசூட் படையினர் குதித்தனர். மக்கள் திரண்டு தம்மை வரவேற்பர் என்ற எதிர்பார்ப்போடு அவர்கள் வந்தனர். மக்கள் வரவேற்கவில்லை, ஊடுருவியோர் மலேசியப் படையினராலும் கூர்க்கர் முதலிய காமன்வெல்த் துருப்புகளாலும் தேடிப் பிடிக்கப்பட்டனர். 1965 பிப்ரவரி 28ஆம் நாள் கோத்தா திங்கி அருகே பதுங்கித் தாக்கப்பட்டுச் சிங்கப்பூர்க் காலாட்படையினர் எண்மர் உயிரிழந்தனர்.

பத்தாண்டுகளுக்கு முன் தம் சோற்றுப்பொட்டலத்தைச் சோதித்த படையை இப்போது மக்கள் தம் படையாகக் கருதினர். இம்மாற்றம் எதனால்? விடுதலை பெற்ற நாட்டில் படையை ஏவுவோர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்பதே முதற்காரணம். படை அதே படைதான். ஆணையிட்ட கை மாறியிருந்தது.

அக்காலத்தில் சுற்றுப்புற நாடுகளின் நிலை வேறு. பாகிஸ்தானில் 1958இலும், பர்மாவில் 1962இலும் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். இந்தோனேசியாவில் 1965க்குப்பின் சுகார்த்தோவின் ஆட்சி படையின் தோளேறி வந்தது. மலேசியாவில் 1969 மே 13 கலவரத்திற்குப்பின் நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டுத் தேசிய நடவடிக்கை மன்றம் ஆண்டது. அதில் படைத்தலைவருக்கும் இடமிருந்தது. ஆனால் தலைமை துன் அப்துல் ரசாக்கிடம் இருந்தது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. பழைய போர்ச் செயற்குழுவின் பழக்கம், ஆட்சியாளர் தலைமையில் படை அமரும் வழக்கம், அப்போது நாட்டைக் காத்தது எனலாம்.

யாருடைய பிள்ளைகள்

படையை மக்கள் தம்முடையதாக உணர வேண்டுமாயின் தம் பிள்ளைகள் அதில் இருத்தல் வேண்டும். இந்நாட்டுத் தமிழரின் பங்கு மறக்கத்தக்கதன்று. கே. தனபாலசிங்கம் 1967இல் தம் முப்பத்தோராம் வயதில் மலேசியக் கடற்படையின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவரே. 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். எனினும் இன்று ஆயுதப்படைகளில் இந்தியரும் சீனரும் சேர்வது குறைவு. அவர்களைச் சேருமாறு அரசு பலமுறை அழைத்துள்ளது. அச்சமா, ஊதியமா, முன்னேற்றத்தில் ஐயமா, பழைய நினைவா என்று காரணங்களை ஆராய்தல் கல்வியாளர் கடமை. 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்டு, 2025இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கிய தேசியச் சேவைப் பயிற்சியும் இவ்வினாவையே எழுப்புகிறது.

படையையும் ஆட்சியையும் ஒருங்கே அறிந்தோர் ஜொகூரில் பலர் தோன்றினர். ஓன் ஜாபாரின் மகன் உசேன் ஓன் 1940இல் ஜொகூர்ப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு இந்தியாவின் டேராடூன் படைப் பயிற்சிக் கழகத்திற்கு அனுப்பப்பட்டு, இந்தியப் படையில் மத்திய கிழக்கில் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று, 1976 முதல் 1981 வரை பிரதமராக விளங்கினார். அதே டேராடூனில் பயின்ற துங்கு இஸ்மாயில் 2007ஆம் ஆண்டு இந்தியக் குடியரசு நாள் அணிவகுப்பில் 61ஆம் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கினார். அவர் தந்தையார் சுல்தான் இப்ராகிம் 2024 சனவரி 31ஆம் நாள் மாமன்னராகப் பொறுப்பேற்றார்.

1886இல் தோன்றிய ஜொகூர்ப் படை இன்றும் அரண்மனையையும் மரபையும் காத்து நிற்கிறது. உலு திராம் வட்டாரத்தில் தரைப்படையின் போர்ப் பயிற்சி நிலையம் இயங்குகிறது. ஆனால் ஜொகூர் மக்கள் படைவீரனை அண்மையில் மிக அருகில் கண்டது வேறு வேளையில். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியபோது அவன் படகோடு வந்தான். 2020இல் நோய்ப்பரவலின்போது சாலைத் தடுப்புகளில் போலீசாரோடு நின்றான். சோதனைச் சாவடியைக் கண்டதும் பழைய அவசரகாலம் முதியோர் நினைவில் எழுந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்கோ அது புதுக்காட்சி.

ஆசிரியர்க்கு ஒரு வேலை

அந்த முதியோர் இன்று மிகச் சிலரே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போயின. லயங்கள் இடிந்தன, பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது. சயாமுக்குப் போனவரின் பெயர்களும், முள்வேலிக்குள் அடைபட்ட தோட்டங்களின் பெயர்களும், ஊர்க்காவலில் நின்றவர் கதைகளும் எழுதப்படாமலே மறைகின்றன. பாடநூல் எழுதுவோர் ஜெனரல்களின் பெயரை மறவார். அவர்கள் படை கடந்துசென்ற லயத்தின் பெயரை அறியார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதனைச் செய்யலாம். ஆறாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு விடையை எழுதி வரட்டும்: ஜப்பானியர் காலத்தில் குடும்பத்தார் யார் யார் கொண்டுபோகப்பட்டனர்? அவசரகாலத்தில் குடியிருப்பு எங்கிருந்து எங்கு மாறியது? வாயிற்காவலில் நின்றவர் யார்? பெயரும் தோட்டமும் ஆண்டும் தெளிவாகக் குறிக்கப்படல் வேண்டும். அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியில் வைத்தால் போதும். பின்னால் வரும் ஆராய்ச்சியாளருக்கு அதுவே ஆவணம். படையின் வரலாற்றைப் படைகளே எழுதிவைத்துள்ளன. குடியின் வரலாற்றைக் குடிகளே எழுதவேண்டும்.